நாப்பத்து நாலு கிளி ஓட்டு

புரட்டாசி 3, ஞாயிறு

மழை இல்ல. காலையிலேயே அனல். தச்சு முடிச்சது: ரவிக்கை ரெண்டு, கட்சிக் கொடி ஒண்ணு (கூலி கிடையாது, நானா விரும்பித் தச்சது). பாக்கி: டீச்சரம்மா மகளுக்குப் பாவாடை. ஊசியில நூல் கோக்க மனசு ஓடல. அதான் மிஷினை மூடி வச்சுட்டு இந்த நோட்டை எடுத்தேன்.

தோத்துட்டேனாம். அவிய சொல்லுதாக. நான் சொல்லல.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கணும். நாளைக்கு எவனும் மாத்திச் சொல்லக் கூடாது.

கட்சிக் கிளைக்குத் தலைவர் தேர்தல். ஒரு பக்கம் பருத்தித் தரகர் ரங்கசாமி அண்ணாச்சி (இனிமே ர.சா., அந்தப் பேரை முழுசா எழுத எனக்கு மனசில்ல). இன்னொரு பக்கம் நான், தையல்காரி செல்லம்மா. நிக்காதன்னு சொல்லாத ஆளு ஊர்ல கிடையாது. நின்னேன்.

பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால கட்சி ரூம்ல ரெண்டு பிஸ்கட் டின்னு, ஒண்ணுல கிளி லேபிள், ஒண்ணுல தராசு லேபிள். தீப்பெட்டியில ஒட்டுற லேபிள்தான். கிளி நான், தராசு ர.சா. முன்னால ஒரு சேலையைக் கட்டி மறைப்பு. முத்திரை குத்துன சீட்டைக் கையில குடுப்பாக, உள்ள போய் ஒரு டின்னுல போட்டுட்டு வரணும். எந்த டின்னுன்னு யாரும் பாக்க முடியாது. நடத்துனது செயலாளர் மீரான் பாய், மளிகைக்கடைக்காரர். அவரு மேல எனக்குக் குறை இல்ல.

காலையில தீப்பெட்டி ஒட்டுற ஆபீஸ் பொம்பளையாளுக வந்தாளுக. ஞாயித்துக்கிழமை லீவு. நாப்பத்து நாலு பேரு, தலையை எண்ணிக் கூட்டிட்டுப் போனது நானே. பஜார் ஆளுகளும் காலையிலயே வந்து போட்டுட்டாக, அவிய ர.சா. பக்கம். மத்தியானத்துக்கு மேல இடைசெவல், கடம்பூர்ப் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரிக. அவியளை வண்டி கட்டிக் கூட்டியாந்தது ர.சா.

சாயங்காலம் டின்னுகளை முத்தத்துக்குத் தூக்கியாந்து எண்ணுனாக. தராசு 74. கிளி 31.

நான் எந்திரிச்சேன். "பாய், எனக்கு நாப்பத்து நாலு பொம்பளையாளு போட்டிருக்கா. கிளிக்கு முப்பத்தொண்ணுதான்னா பாக்கி எங்க?"

"மொத்தம் சரியா இருக்கு, தங்கச்சி."

பின்னால இருந்து ஒரு குரல்: "உள்ள போனதும் மனசு மாறியிருக்கும்! பொம்பளை மனசுல்லா!" ஒரே சிரிப்பு.

முடிவை ஏத்துக்கிடுதேன்னு ஒரு தாளு, ரெண்டு வேட்பாளரும் கையெழுத்துப் போடணும். ர.சா. போட்டார். என் பக்கம் தள்ளினாக. நான் தாளைத் திருப்பி அவிய பக்கமே தள்ளிட்டு வந்துட்டேன்.

4, திங்கள்

வெயில். டீச்சரம்மா பாவாடை அரைகுறை.

குழாயடியில கேட்டது, கேட்டபடி:
– தோத்தா தோத்தேன்னு போகணும், இது என்ன அடம்.
– பதினாலு வருஷம் கட்சியில இருக்காளாம், அதுக்காகத் தலைவி ஆயிரணுமா.
– அவ புருஷன் ஒண்ணும் சொல்ல மாட்டானா?
– சொன்னாலும் கேக்குற ஆளா அவ.

கடைசியில சொன்னது மட்டும் நெசம்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டாளுக. இருபது பேருக்கு மேல. கையெல்லாம் பசை, கழுவக்கூட இல்ல. ஒருத்தி கழுகுமலை முருகன் மேல சத்தியம் பண்ணுதா, ஒருத்தி பெத்த பிள்ளை மேல பண்ணப் போனா, நான் வாயைப் பொத்தினேன். எல்லாரும் கிளிக்குத்தான். மாடத்தி கேட்டா: "அக்கா, நான் போட்ட ஓட்டு எங்கக்கா போச்சு?" மாடத்தி லேபிள் ஒட்டுறவ. நேத்து நாள் பூரா மறைப்புச் சேலைக்குக் காவல் நின்னதும் அவதான்.

எனக்குத் தலைவி பதவி கெடக்கட்டும். இந்தக் கேள்விக்குப் பதில் வேணும். வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தி ஒரு சீட்டைக் கையில வாங்கி, தன் இஷ்டத்துக்குப் போட்டிருக்கா. அது எங்கன்னு கேக்குதா. எங்கன்னு சொல்லாம நான் எப்படிச் சோறு திங்கது?

5, செவ்வாய்

தைக்கக் குடுத்த துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போனவுக மூணு பேர். மூணும் ர.சா. தெரு.

எதிர்ச் சுவத்துல கரிக்கட்டையால எழுதியிருக்கு: கிளி பறந்து போச்சு. எழுத்து அழகா இருக்கு, படிச்ச கழுதை எவனோ.

கட்சியில இருந்து கடுதாசி. வார ஞாயிறு கூட்டத்துல தாள்ல கையெழுத்துப் போட்டு மன்னிப்புக் கேக்கணுமாம். இல்லாட்டி நீக்கம்.

எங்க வீட்டுக்காரக ரெண்டு நாளா பேச்சில்ல. மில்லுல கேலி பண்ணுதானுகளாம். சாப்பிடும்போது மட்டும்: "ஏட்டி, போட்டுட்டுப் போயேன். ஒரு கையெழுத்துதான்." நான்: "ஒரு கையெழுத்துதான்னா அதை விட்டுட்டுப் போகச் சொல்லுங்க அவியளை." தட்டை நகட்டிட்டு எந்திரிச்சுட்டாக. ரசம் வேற உப்பு.

6, புதன்

மீ. பாய் கடைக்குப் போனேன். டின்னுகளைக் கண்ணால பாக்கணும்னேன். வெறும் டின்னைப் பாத்து என்னம்மா செய்யப் போறன்னாரு, ஆனா சாவியை எடுத்துட்டு வந்துட்டாரு. நல்ல மனுஷன்.

பாத்தேன். பாத்ததும் உடம்பெல்லாம் கொதிச்சுப் போச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில அந்த லேபிள் ரெண்டையும் ஒட்டுனது நான். சோத்துப் பசை, விரலால மெல்லிசாத் தடவி ஒட்டுனேன். இப்ப இருக்கது மைதாப் பசை, கட்டி கட்டியா. கிளிக்கு வாலைக் காணோம், ஓரம் பிஞ்சிருக்கு. யாரோ உரிச்சு எடுத்து மறுபடி ஒட்டியிருக்காக. பாய்ட்ட காட்டினேன். தடவிப் பாத்தாரு. மூஞ்சி செத்துப் போச்சு அவருக்கு.

"பாய், ஓட்டு நடக்கும்போது நீங்க எங்கனயும் போனீங்களா?"

"மத்தியான லுஹர் தொழப் போனேன், தங்கச்சி. கதவைச் சாத்திட்டுத்தான் போனேன்."

அதுக்கு மேல நான் அங்கன நிக்கல. நேரா ர.சா. கிட்டங்கி (பருத்தி குடோன்). பருத்திவிதை வாங்க வந்த ஆளுக நாப்பது அம்பது பேரு. நடுவுல நின்னு சத்தம் போட்டேன்: "லேபிளை மாத்தி ஓட்டைத் திருடுன திருடன் இங்கதான் உக்காந்திருக்கான்!" மூணு தடவை சொன்னேன். ர.சா. எந்திரிக்கல. மூக்குக்கண்ணாடியைக் கழத்தித் தொடச்சாரு. "வெயில்ல வந்திருக்கா, பிள்ளைக்கு மோரு குடுங்கப்பா"ன்னாரு. மோராம்!

வரும்போது வழி பூரா எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாக. ஆனா மனசு லேசு. நாலு நாளா இப்படி இருந்ததில்ல.

7, வியாழன்

ஊரே பேசுது.

பழக்கடைக்காரி: ஒரு கொய்யாப்பழம் சும்மா குடுத்தா. "நல்லா கேட்டீக, தாயி."
பஸ் கண்டக்டர், ஓடுற பஸ்ல தொங்கிக்கிட்டே: "கிளியக்கா! விடாதீக!"
டீக்கடை பெஞ்சி, நான் தாண்டினதும்: "மானநஷ்டத்துக்குக் கேஸ் போட்டா தையல் மிஷினு ஏலத்துக்கு வரும்."
எங்க அத்தான், கழுகுமலையில இருந்து பஸ் ஏறி வந்து: "குடும்பப் பேரைச் சந்தியில இழுத்துட்டியே." காப்பி குடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் மாடத்தி வந்தா. தனியா. வாசப்படிக்கு வெளியவே நின்னா. உள்ள வாட்டின்னா வரல. அழுதா. மூக்கைச் சிந்திச் சிந்தி ஒரு வழியாச் சொன்னா.

"அக்கா, லேபிளை ஒட்டுனது நாந்தேன்."

ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாய் தொழப் போயிருக்காரு. இவ முன்வாசல்ல காவல். பின்கதவுக்குத் தாப்பா கிடையாது. பின்னால புண்ணாக்குக் கடை ஆடு மேயுது. அது உள்ள வந்து சோத்துப் பசையை நக்கி நக்கி ரெண்டு லேபிளையும் உரிச்சுக் கீழ போட்டிருச்சு. கிளி வாலைத் தின்னுருச்சு. சத்தம் கேட்டு இவ போய் ஆட்டைப் பத்தி விட்டுட்டு, போஸ்டர் ஒட்டுற மைதாப் பசைச் சட்டி மூலையில இருந்திருக்கு, எடுத்து ரெண்டையும் ஒட்டிட்டா.

"எந்த டின்னுல எது இருந்துச்சுன்னு பாத்தியா?"

"பாக்கலக்கா. கை தானாப் போச்சு. ஆபீஸ்ல எம் பலகையில கிளி அடுக்கு எப்பவும் வலதுகைப் பக்கம். தராசு இடதுகைப் பக்கம். அப்படியே ஒட்டிட்டேன்."

காலையில நான் கிளியை ஒட்டுனது இடப்பக்க டின்னுல.

அப்ப காலையில நாப்பத்து நாலு பேரும் கிளிக்குன்னு போட்டது, மத்தியானத்துக்கு மேல தராசு டின்னாப் போச்சு; பஜார் ஆளுக தராசுக்குன்னு போட்டது கிளி டின்னாப் போச்சு. எண்ணும்போது லேபிளைப் பாத்து எண்ணுனாக. சரிதான். எல்லாம் சரியாத்தான் எண்ணியிருக்காக.

"அன்னைக்கே ஏண்டி சொல்லல?"

"ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல ஒட்டுதேன்க்கா. ரெண்டு லேபிள் ஒட்டுனதை ஒரு விசயம்னு எவ நெனப்பா? நேத்து நீங்க கிட்டங்கியில லேபிளுன்னு சத்தம் போட்டீகன்னு சொன்னாக, அப்பத்தான் வெளங்குச்சு."

அடிக்கணும் போல கோவம். கையை ஓங்கிட்டேன், நெசமாவே. அவ நகரக்கூட இல்ல, கன்னத்தைக் காட்டிக்கிட்டு நிக்கா. கையை இறக்கிட்டேன். உக்காத்தி வச்சு ரெண்டு தோசை சுட்டுப் போட்டேன். திங்க மாட்டேன்னா, திட்டித் திங்க வச்சேன்.

ஆடு! கேட்டா ஊரு சிரிச்சே செத்துரும்.

8, வெள்ளி

தைக்கல. உக்காந்தே இருந்தேன்.

மனசுக்குள்ள ஓடுனது, மறைக்காம:
1. சொல்லாம விட்டுரலாம். லேபிள் மாறுனது நெசம்தான, ர.சா. மாத்துனார்னே இருக்கட்டும்.
2. சொன்னா மாடத்தி தலை உருளும். மத்தவளுகளே அவளைப் பிச்சிருவாளுக.
3. ர.சா.வைப் பிடிக்கல. ஆனா அவரு திருடல.

மூணாவதைத்தான் தாண்ட முடியல.

மாடத்தியைக் கூப்பிட்டு விட்டேன். உன் பேரைச் சொல்லாமச் சொல்லட்டான்னேன். "எதுக்கு? எம்பேரு என்ன கெட்ட பேரா? சொல்லுங்க"ன்னா. நேத்து அழுத பிள்ளை!

கிட்டங்கிக்கு மறுபடி. இன்னைக்கும் கூட்டம். சொன்னேன்: "திருடன்னு சொன்னதை இத்தனை பேரு முன்னால திரும்ப வாங்கிக்கிடுதேன். அது என் தப்பு. லேபிள் மாறுனது எங்க பக்கத்துக் கை. ஆனா ஓட்டு மாறுனது மாறுனதுதான். அதை வாங்கிக்கிட மாட்டேன். மறுபடி ஓட்டு நடத்தணும்." ஆட்டையும் சொன்னேன். சொல்லாம எப்படி விளக்க?

ர.சா. சிரிக்கல, அதுக்கு அவருக்கு ஒரு கும்பிடு. மத்த அத்தனை பேரும் சிரிச்சானுக. ஒருத்தன் விதை மூட்டை மேல விழுந்து விழுந்து சிரிச்சான். வீடு வாரதுக்குள்ள கதை என்னை முந்திருச்சு. பஜார்ல எனக்கு முன்னாலயும் பின்னாலயும் மே, மேன்னு சத்தம். ஒரு கடையில நின்னு திரும்பிக் கேட்டேன்: "யாரு அது, நல்லா கத்துதீகளே! உங்களுக்கும் ஓட்டு இருக்கா?"

ஜும்மா முடிஞ்சு பாய் கடை திறக்கவும் போய் எல்லாத்தையும் சொன்னேன். கல்லாவை மூடிட்டு வந்து உக்காந்தாரு. பெறகு: "பெட்டிய விட்டுட்டுப் போனது நான். பின்பக்கமும் ஒரு ஆளை நிப்பாட்டிட்டுப் போயிருக்கணும். நான் தொழுது மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன், அது வேற. உனக்கு மறு ஓட்டு உண்டு, தங்கச்சி. கமிட்டிக்கு நான் எழுதுதேன்." கண்ணு கலங்கிருச்சு எனக்கு. பாய்க்கும்தான்.

9, சனி

மேகம் கூடிக் கலைஞ்சிருச்சு. கரிசல் காட்டுல எல்லாரும் அண்ணாந்தே நிக்காக.

ர.சா. ஆள் விட்டுச் சொல்லியிருக்காரு. மறு ஓட்டுக்குச் சம்மதமாம். ஆனா டின்னு வேண்டாம், லேபிள் வேண்டாம், ஆடு வந்துரும். எல்லாரும் கையைத் தூக்கிரட்டும்.

புத்தியைப் பாரு. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி யாரு? ர.சா. மச்சினன். ஆபீஸ் மேஸ்திரியும் கட்சி மெம்பர், நாளைக்கு முன்வரிசையில உக்காந்திருப்பான். அவன் பாக்க எவ கையைத் தூக்குவா?

மறைப்பு இல்லாம நடக்கக் கூடாதுன்னு பாய்ட்டப் போய்ச் சண்டை. கமிட்டியில நாலு பேரு கை தூக்குறதுதான்னு எழுதிட்டாக, நான் ஒருத்தன் என்னம்மா செய்யன்னாரு.

சாயங்காலம் அவளுக வந்தாளுக. மாடத்தியை யாரும் பிச்சு எறியல. ஒருத்தி மட்டும் தலையில ஒரு குட்டு வச்சா, அவ்வளவுதான். நான் கண்டிசனாச் சொன்னேன்: "யாரும் எனக்காகக் கை தூக்க வேண்டாம். வேலை முக்கியம். வீட்டுல உலை இருக்கு. வராம இருந்தாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்." எந்திரிச்சுப் போயிட்டாளுக. அதுவும் பயமாத்தான் இருக்கு.

வீட்டுல அவிய இன்னைக்குப் பேசுனாக. "நாளைக்குக் கூட்டத்துக்கு எந்தச் சேலை கட்டப் போற?" பச்சைன்னேன். "கிளிப் பச்சையா?" சிரிச்சுட்டோம் ரெண்டு பேரும். அந்தச் சேலையைத் தேச்சுக் குடுத்ததும் அவியதான், அதை இங்கன எழுதி வைக்கணும்.

10, ஞாயிறு

கூட்டம் பத்து மணிக்கு. ரூம் கொள்ளாம முத்தத்துல. வேடிக்கை பாக்கவே பாதி ஊரு, மதில் மேலயெல்லாம் ஆளு. மேஸ்திரி முன்வரிசை, கையில ஒரு பென்சிலு, மடியில ஒரு நோட்டு. மறைக்கக்கூட இல்ல.

ர.சா.வுக்கு முதல்ல கேட்டாக. சம்சாரிக கை மளமளன்னு. 52.

பெறகு எனக்கு. பாய் என் பேரைச் சொன்னாரு. நான் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு காக்கா கத்துது. நான் நினைச்சேன், சரி, முடிஞ்சது.

"ஒண்ணு"ன்னாரு பாய்.

நிமிந்தேன். மாடத்தி. கையை அரையும் குறையுமா இல்ல, வளையல் முழங்கைக்கு இறங்குற அளவுக்கு நேரா. மேஸ்திரியைப் பாத்துக்கிட்டே தூக்கியிருக்கா. பெறகு அவளுக்குப் பக்கத்துல ஒண்ணு. பின்னால மூணு. மேஸ்திரி பென்சிலை எடுத்தான், எழுத எழுத இங்க கை கூடுது. ஒருத்தி முந்தானைக்குள்ள பாதி தூக்கி இறக்கிட்டா, அழுதுட்டா. அவ மேல எனக்கு ஒரு பொட்டு வருத்தம் இல்ல. பாய் ரெண்டு தடவை எண்ணுனாரு. 39. அதுல ஆபீஸ் பொம்பளையாளுக மட்டும் 31. நாப்பத்து நாலுல முப்பத்தொண்ணு!

52க்கு 39. தோல்விதான். ர.சா.வுக்கு மாலை போட்டாக.

அவரே என் பக்கத்துல வந்தாரு. "ஏம்மா செல்லம்மா, இப்பவாது ஒத்துக்கிடுதியா?"

"முப்பத்தொரு பொம்பளையாளு மேஸ்திரி முன்னால கை தூக்குனதை ஒத்துக்கிடுதேன், அண்ணாச்சி. நீங்க மறைப்புச் சேலைக்குப் பயந்ததையும் ஒத்துக்கிடுதேன். வேற எதையும் இல்ல."

மதில் மேல இருந்து எவனோ கை தட்டுனான். மேன்னு கத்துனவன்லயே ஒருத்தன், குரல் தெரியும்.

கையெழுத்துப் போடல. நீக்கம்னு தீர்மானம் படிச்சாக. படிக்கட்டும். மாவட்டத்துக்கு மனு எழுதியாச்சு, பாய் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. பஜார் வழியா வீட்டுக்கு நடந்தேன். திரும்பிப் பாத்தா பின்னால அத்தனை பேரும் வாராளுக. யாரும் கோஷம் போடல. சும்மா நடந்து வந்தாளுக. கடைக்காரங்க எந்திரிச்சு நின்னு பாத்தாக.

11, திங்கள்

லேசாத் தூறல். கொடியில காஞ்ச துணியை எடுத்து உள்ள போட்டேன். டீச்சரம்மா பாவாடை முடிஞ்சது, ஒரு வழியா. திருப்பி வாங்கிட்டுப் போன மூணுல ஒருத்தி துணியை மறுபடி கொண்டாந்து போட்டுட்டுப் போயிருக்கா.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மாடத்தி ஓடி வந்தா. மூச்சு வாங்குது. ஆபீஸ்ல நடந்ததைச் சொன்னா. காலையில மேஸ்திரி நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டானாம். இவ முறை வந்ததும்,

"நேத்துத் தூக்குனது எந்தக் கைடீ?"

"வலது கை. இடது கை சும்மாத்தான் இருக்கு, எப்ப வேணும்னு சொல்லுங்க."